வீட்டையே ஓவியமாக்கிய காரின் அம்மையார்

அழகான வீடு என்றதும் நம் கண்முன் என்ன தோன்றுகிறது? பளிங்குத் தரை, பட்டுத் திரைச்சீலை, கண்ணாடி அலமாரி, விலையுயர்ந்த நாற்காலிகள் ஆகியவைதாம் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் சுவீடன் நாட்டில் ஒரு சிற்றூரில், ஆற்றங்கரையோரம் நிற்கும் மரவீடு ஒன்றில் இவற்றுள் எதுவும் இல்லை. அங்கிருப்பவை பழைய நாற்காலிகள், அவற்றின்மீது பூசிய புது வண்ணங்கள், கையால் நெய்த விரிப்புகள், சன்னலோரப் பூந்தொட்டிகள், கதவில் எழுதிய சித்திரங்கள். அந்த வீட்டைக் காண்பதற்கென்றே ஆண்டுதோறும் பல நாடுகளிலிருந்து மக்கள் வருகின்றனர். அதை அப்படி ஆக்கியவர்கள் இருவர். ஒருவர் கார்ல் லார்சன் என்னும் புகழ்பெற்ற ஓவியர். மற்றவர் அவருடைய துணைவியார் காரின் லார்சன். கணவரின் பெயரை உலகம் அறிந்திருந்த அளவுக்கு மனைவியின் பெயரை நெடுங்காலம் அறியவில்லை. ஆகவே அந்த அம்மையாரின் வாழ்க்கையையே இங்கு எழுத விரும்புகிறேன்.

காரின் 1859-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள் சுவீடனில் ஓரெப்ரோ என்னும் நகரில் பிறந்தார். தந்தையார் அடால்ஃப் பெர்கோ ஒரு வணிகர். இருப்புப்பாதைகள் சந்திக்கும் ஹால்ஸ்பெர்க் என்னும் ஊரில் வாணிகம் செய்து செல்வம் ஈட்டியவர். காரின் வளர்ந்ததும் அங்கேதான். பெண் குழந்தைக்குப் படிப்பு எதற்கு என்று எண்ணாத குடும்பம் அது. ஸ்டாக்ஹோம் நகரில் பிரெஞ்சுப் பள்ளி ஒன்றில் காரின் பயின்றார். பின்னர் கைத்தொழிற் பள்ளியில் சேர்ந்தார். ஓவியத்தில் ஆர்வம் மிகுந்ததால் 1877-இல் அரசுக் கலைக் கழகத்தில் இடம் பெற்று, ஐந்தாண்டுகள் அங்கே பயின்றார். அந்தக் கலைக் கழகம் பெண்களுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கியது 1864-இல்தான். காரின் சேர்ந்தபோது அந்தப் பிரிவுக்குப் பதின்மூன்று வயதே ஆகியிருந்தது. பெண் ஒருத்தி தூரிகையை ஏந்தி, ஓவியத்தையே தொழிலாகக் கொள்வது அக்காலத்தில் எளிய செயல் அன்று.

படிப்பு முடிந்ததும் 1882-இல் அவர் பிரான்சுக்குச் சென்றார். பாரிசுக்குத் தெற்கே கிரே என்றொரு சிற்றூர் உண்டு. லுவான் ஆறு, அதன்மேல் ஒரு பழைய கற்பாலம், காய்கறித் தோட்டங்கள், சாம்பல் நிற வீடுகள். குறைந்த செலவில் தங்கி வரையலாம் என்பதால் வடநாட்டு ஓவியர்கள் பலர் அங்கே கூடியிருந்தனர். அவர்களுள் ஒருவர்தாம் கார்ல் லார்சன்.

கார்லைப் பற்றிச் சிறிது சொல்லாவிட்டால் பின்னால் வரும் வீட்டின் கதை விளங்காது. அவர் 1853-இல் ஸ்டாக்ஹோமின் பழைய நகரில் பரம ஏழையாகப் பிறந்தவர். தந்தை நிலையான வேலையின்றி, குடியிலும் கோபத்திலும் காலம் கழித்தவர். தாய் பிறர் துணிகளை வெளுத்துப் பிள்ளைகளைக் காப்பாற்றினார். நோயும் நெரிசலும் நிறைந்த ஒண்டுக் குடித்தனங்களில் கார்ல் வளர்ந்தார். ஏழைப் பிள்ளைகளின் பள்ளியில் அவருடைய திறமையைக் கண்ட ஆசிரியர் ஒருவர் தூண்டவே, பதின்மூன்றாம் வயதில் கலைக் கழகத்தின் தொடக்க வகுப்பில் சேர்ந்தார். வீடு என்ற சொல் அவருக்கு அச்சத்தையே தந்திருந்தது. காரினுக்கோ அது பாதுகாப்பையும் அன்பையும் குறித்த சொல். இவ்விருவரும் கிரேயில் சந்தித்தனர், மனமொத்தனர். 1883-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள் ஸ்டாக்ஹோமில் அவர்கள் திருமணம் நடந்தது. மீண்டும் கிரேக்குச் சென்று ஒரு சிறு வீட்டில் குடித்தனம் தொடங்கினர். எண்ணெய் வண்ணத்தில் தடுமாறிக்கொண்டிருந்த கார்ல் நீர்வண்ணத்துக்கு மாறித் தம் வழியைக் கண்டுகொண்டதும் கிரேயில்தான்.

1884-இல் முதல் குழந்தை சூசன் பிறந்தாள். அதன்பின் காரின் ஓவியத்தை விட்டுவிட்டார்.

இந்த ஒரு வரியை எழுதும்போது என் பேனா சற்று நிற்கிறது. கலைக் கழகத்தில் ஐந்தாண்டுகள், அதன்மேல் பாரிசில் பயிற்சி, அத்தனையும் பெற்ற ஒரு பெண் இருபத்தைந்து வயதில் தூரிகையைக் கீழே வைத்தார். வீட்டில் ஒரு ஓவியர் போதும் என்பதே கணவரின் கருத்தாக இருந்தது. அக்காலத்தில் பலரும் அப்படித்தான் கருதினர். இதைத் தியாகம் என்று சொல்லிப் பாராட்டிவிட்டு அடுத்த பத்திக்குப் போவது எளிது. என் மனம் அதற்கு இடம் தரவில்லை. அவர் தொடர்ந்து வரைந்திருந்தால் என்னென்ன ஓவியங்கள் பிறந்திருக்கும் என்பதை இனி எவரும் அறிய முடியாது. அது இழப்புத்தான். ஆனால் அவருடைய கையும் கண்ணும் சும்மா இருக்கவில்லை. அதற்கு வழி திறந்தது ஒரு வீடு.

1888-இல் காரினின் தந்தையார் தம் மகளுக்கும் மருமகனுக்கும் ஒரு சிறிய வீட்டைக் கொடுத்தார். டாலர்னா மாநிலத்தில், ஃபாலுன் நகருக்கு அருகே, சுண்ட்பார்ன் என்னும் சிற்றூரில் அது இருந்தது. அதன் பெயர் லில்லா ஹிட்னேஸ். காரின் குடும்பத்தைச் சேர்ந்த மூதாட்டியர் இருவர் அதில் வாழ்ந்து வந்தனர். ஃபாலுன் நூற்றாண்டுக் கணக்காகச் செம்பு எடுத்த சுரங்க நகரம். முற்காலத்தில் செம்பை உருக்கியபின் எஞ்சிய கசடு இந்த வீட்டைச் சுற்றிலும் மேடுமேடாகக் கிடந்தது. மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய சாதாரணக் குடில் அது. முன்னால் ஆறு, பக்கத்தில் பிர்ச் மரங்கள்.

அந்த வட்டாரத்து வீடுகள் பெரும்பாலும் ஆழ்ந்த செந்நிறம் கொண்டவை. அந்த வண்ணமும் ஃபாலுன் சுரங்கத்திலிருந்து வந்ததே. செம்பெடுத்தபின் எஞ்சிய மண்ணைப் பக்குவப்படுத்தி, தண்ணீர், ஆளிவிதை எண்ணெய், ரை என்னும் தானியத்தின் மாவு ஆகியவற்றோடு காய்ச்சி அந்தச் சாயத்தைச் செய்வர். பனியிலும் மழையிலும் மரம் உளுத்துப் போகாமல் அது காக்கும். சுரங்கம் 1992-இல் மூடப்பட்டுவிட்டது. சாயம் மட்டும் இன்றும் விற்பனையாகிறது.

அக்காலத்து வசதி படைத்த வீடுகள் எப்படி இருந்தன என்பதையும் அறிய வேண்டும். கருத்த மர நாற்காலிகள், கனத்த வெல்வெட் திரைகள், கரும்பச்சையும் அரக்குமாக சுவர்த்தாள்கள், எங்கு பார்த்தாலும் குஞ்சமும் தொங்கலும். வரவேற்பறை விருந்தினருக்கு மட்டுமே. குழந்தைகளுக்கு அங்கே அனுமதி கிடையாது. வெயில் பட்டால் துணி வெளுத்துவிடும் என்று சன்னல்களை மூடியே வைப்பர். இத்தனைக்கும் அந்நாட்டில் குளிர்காலத்தில் வெயில் கிடைப்பதே அரிது. டிசம்பர் மாதத்தில் சுண்ட்பார்னில் கதிரவன் வானில் இருப்பது நாளொன்றுக்கு ஆறு மணி நேரத்துக்கும் குறைவே. கிடைத்த வெளிச்சத்தையும் திரைபோட்டு மறைத்துக்கொண்டு வாழ்ந்தார்கள் என்றால் நாகரிகத்தின் பிடி எவ்வளவு வலியது பாருங்கள்!

காரின் அம்மையார் செய்த முதல் வேலை திரைகளை அகற்றியதுதான். வரவேற்பறைச் சன்னல்களை வெளிச்சம் தாராளமாக உள்ளே வரும்படி விட்டார். சன்னலடியில் வரிசையாகப் பூந்தொட்டிகளை வைத்தார். சூசன் அந்தத் தொட்டிகளுக்கு நீர் ஊற்றும் காட்சியைக் கார்ல் ஓவியமாக வரைந்திருக்கிறார். அறைக்கு வெள்ளை வண்ணம், நாற்காலிகளுக்கும் வெள்ளை, அவற்றின்மேல் நீலமும் வெள்ளையுமான கோடுபோட்ட துணி. அந்த நாற்காலிகள் கடையில் வாங்கிய புதியவை அல்ல. நூறாண்டுகளுக்கு முன்பு, மூன்றாம் குஸ்டாவ் மன்னரின் காலத்தில் வழங்கிய பாணியைச் சேர்ந்தவை. பாட்டி காலத்துச் சாமான் என்று பலர் பரணில் போட்டுவிட்டவை. காரினும் கார்லும் அவற்றைத் தேடி எடுத்து, பழுது பார்த்து, புது வண்ணம் பூசி நடுக்கூடத்தில் வைத்தனர். பழமைமீது அவர்களுக்குப் பற்று இருந்தது. ஆனால் பழையதைத் தொடாமல் பூட்டி வைக்கும் பற்று அன்று அது. பழைய நாற்காலியில் குழந்தை ஏறிக் குதித்தாலும் குற்றமில்லை என்னும் பற்று.

உணவறை முற்றிலும் வேறு மாதிரி. அங்கே செம்மையும் பச்சையும் பளிச்சென்று எதிரெதிரே நின்றன. மரப்பலகைச் சுவர், இருக்கை, நாற்காலி எல்லாமே இவ்விரு வண்ணங்கள். இன்றைக்குக் கேட்டாலே கண் கூசும் போலிருக்கிறது அல்லவா? ஆனால் டாலர்னாவின் குடியானவர் வீடுகளில் பெட்டிகளிலும் அலமாரிகளிலும் இத்தகைய வண்ணங்கள் வழிவழியாக உண்டு. காரின் அம்மையார் அவற்றைக் கண்டு வெட்கப்படவில்லை, கற்றுக்கொண்டார். இங்கிலாந்தில் கைவினைக்கு உயிர் கொடுக்க முயன்றவர்களின் கருத்துகளை, ஸ்டூடியோ என்னும் ஆங்கில இதழ் வழியாக அறிந்திருந்தார். பாரிசில் பார்த்த ஜப்பானிய அச்சோவியங்களும் அவர் மனத்தில் இருந்தன. குடியானவர் பெட்டி, ஆங்கில இதழ், ஜப்பானியச் சித்திரம் மூன்றும் ஒரே சமையலில் சேர்ந்தன என்று சொல்லலாம்.

வீட்டுக்குள் விளையாட்டுக்குக் குறைவே இல்லை. கதவு என்றால் அது வெறும் கதவாக இருக்க வேண்டுமா என்ன? கார்ல் ஒரு கதவில் காரினின் உருவத்தைத் தீட்டினார். வருவோரை வரவேற்கும் வாசகம் ஒன்றை வாசலுக்குமேல் எழுதினார். சுவரோரங்களில் மலர்ச்சரங்கள் படர்ந்தன. கார்லின் படுக்கையறையில் கட்டில் சுவரோரம் இல்லை. அறையின் நடுவே, நான்கு புறமும் திரை தொங்க, கூடாரம்போல் நின்றது. பிள்ளைகளுக்கு அதைவிட வேடிக்கை வேறென்ன வேண்டும்?

குடும்பம் பெருகப் பெருக வீடும் வளர்ந்தது. சூசன், உல்ஃப், பொந்தூஸ், லிஸ்பெத், பிரீதா, கேர்ஸ்தி, எஸ்பியோர்ன் என ஏழு பிள்ளைகள். 1894-இல் பிறந்த மாட்ஸ் என்னும் குழந்தை இரண்டே மாதங்களில் இறந்துவிட்டது. ஓரறை இங்கே, ஓரறை அங்கே என்று ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டுக் கட்டியதால் அந்த வீட்டுக்கு ஒழுங்கான வடிவமே கிடையாது. 1897-இல் அருகிலேயே ஸ்பாடார்வெட் என்னும் பண்ணையையும் வாங்கினர். முதலில் கோடைக்காலத்தில் மட்டும் வந்து தங்கியவர்கள், 1901-இல் அங்கேயே நிலையாகக் குடியேறினர். வீடு, பண்ணை, பணியாட்கள், பிள்ளைகளின் துணிமணி, வந்துபோகும் விருந்தினர் எல்லாவற்றையும் காரின் அம்மையாரே கவனித்தார்.

1894-ஆம் ஆண்டுக் கோடையில் விடாது மழை பெய்ததாம். வெளியே சென்று வரைய வழியில்லாமல் கார்ல் மனம் சோர்ந்து அமர்ந்திருந்தார். அவருக்கு அடிக்கடி மனச்சோர்வு வருவது உண்டு. இளமையில் பட்ட துன்பம் அவரை இறுதிவரை விடவில்லை. வீட்டின் அறைகளையே வரையலாமே என்று யோசனை சொன்னவர் காரின்தான். சாப்பாட்டு மேசையில் குறும்பு செய்ததற்காகச் சிறுவன் பொந்தூசை வரவேற்பறையில் தனியே உட்கார வைத்திருந்தார்கள். உயரமான கணப்புக்குப் பக்கத்தில், வெள்ளை நாற்காலிகளுக்கு நடுவே, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அவன் அமர்ந்திருந்த காட்சியிலிருந்தே அந்த ஓவிய வரிசை தொடங்கியது என்று சொல்வார்கள். தண்டனை பெற்ற பிள்ளை உலகப் புகழ் பெற்றுவிட்டான்!

அந்த நீர்வண்ண ஓவியங்கள் 1897-இல் ஸ்டாக்ஹோம் கண்காட்சியில் இடம்பெற்றன. 1899-இல் இருபத்துநான்கு படங்களுடன் ஒரு நூலாகவும் வந்தன. நூலின் பெயர் மிக எளியது: ஒரு வீடு. நாட்டுமக்களின் இல்லங்களைச் சீர்திருத்த வேண்டும் என்ற நோக்கத்தையும் கார்ல் அந்நூலில் வெளிப்படுத்தியிருந்தார். அழகு செல்வருக்கு மட்டும் உரியதன்று என்று அதே காலத்தில் எழுதிவந்த எலன் கே என்னும் எழுத்தாளரும் இந்த வீட்டைப் போற்றினார். பத்தாண்டுகள் கழித்து, 1909-இல், ஜெர்மனியில் மலிவு விலையில் வெளிவந்த ஒரு தொகுப்பு மூன்றே மாதங்களில் 40,000 படிகள் விற்றுத் தீர்ந்தது. சுண்ட்பார்ன் வீடு இப்படியாகப் பல்லாயிரம் வீடுகளுக்குள் நுழைந்தது.

படங்களில் கையொப்பம் கார்லுடையது. ஆனால் படத்துக்குள் இருப்பவை? மேசைவிரிப்பு காரின் நெய்தது. தலையணை உறையில் பூவேலை காரின் செய்தது. குழந்தை அணிந்திருக்கும் மேலங்கி காரின் தைத்தது. சன்னலோரப் பூக்கள் காரின் வளர்த்தவை. பல படங்களில் அவர் முதுகைக் காட்டிக்கொண்டோ குனிந்து வேலை செய்துகொண்டோ இருக்கிறார். சிலவற்றில் அவரே இல்லை. பாதி முடிந்த தையல் மட்டும் கிடக்கிறது. ஓவியரைப் புகழ்ந்தவர்கள் நெடுங்காலம் இதைக் கவனிக்கவில்லை. ஒரு வீட்டில் எல்லாம் ஒழுங்காக இருக்கும்போது அதைச் செய்தவர் யார் என்று எவரும் கேட்பதில்லை போலும்.

அவருடைய தறி வேலையைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். 1899 வாக்கில் கார்லுக்குப் பெரிய ஓவியக்கூடம் ஒன்று தனியே கட்டியதும், பழைய ஓவியக்கூடம் குடும்பத்தின் வேலையறையாக மாறியது. அங்கே தறி வந்து அமர்ந்தது. பிள்ளைகளின் மரவேலையும் படிப்பும் அதே அறையில்தான் நடந்தன. இந்தச் சத்தங்களுக்கு நடுவேதான் அவர் நெய்தார். பூக்களை உள்ளது உள்ளபடியே, இதழ் இதழாக, நிழல் கொடுத்துத் தைப்பதே அக்காலத்துப் பெண்களின் பூத்தையல் முறை. நம் தையல் வகுப்பு மாணவியர்க்கு அது நன்கு தெரியும். காரின் அந்த வழியில் செல்லவில்லை. இலையை ஒரு வளைகோடாகவும், மலரை ஒரு வட்டமாகவும், நெருப்பை ஒரு குறியாகவும் சுருக்கினார். வண்ணங்களோ துணிச்சலானவை. இவற்றைப் பார்ப்பவர்கள் ஏதோ பிற்காலத்துப் புதுமைக் கலை என்றே எண்ணுவார்கள்.

1903-இல் அவர் செய்த ஒரு சுவர்த்துணி உணவறையின் இருக்கைக்கு மேலே தொங்கியது. நிலம், நீர், தீ, காற்று என்னும் நான்கு மூலப்பொருள்கள் அதில் எளிய உருவங்களாக அமைந்துள்ளன. சாப்பிட உட்காரும் பிள்ளைகளின் தலைக்குமேல் இவை நான்கும்! இன்னொரு துணி, கணவருடைய படுக்கையறைக்கும் தம்முடைய அறைக்கும் இடையே கதவுக்குப் பதிலாக அவர் தொங்கவிட்ட திரை. அதில் ஒரு செடி நிமிர்ந்து எழுகிறது. நடுவே ரோசா மலர். அன்பின் ரோசா என்று அதற்குப் பெயர். மரக்கதவு பார்வையையும் பேச்சையும் அடைத்துவிடும்; துணித்திரை அப்படி அடைப்பதில்லை. அடுத்த அறையில் சிறுபிள்ளைகள் விழித்தால் கேட்கும். கணவர் உறங்காமல் புரண்டாலும் கேட்கும். இதையெல்லாம் எண்ணித்தான் அவர் செய்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் அந்தத் திரையின் படத்தைப் பார்க்கும்போது எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

மரச்சாமான்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. 1906-இல் ஓர் ஆடும் நாற்காலிக்கு வரைபடம் போட்டு ஊர்த் தச்சரிடம் கொடுத்தார். வளைவு நெளிவு இல்லை, கடைசல் வேலை இல்லை, பூ இல்லை. நேர்கோடும் சதுரமுமாக இருந்த அதைக் கண்டு தச்சருக்கு ஒரே வெட்கம். இப்படியொரு பொருளைத் தாம் செய்ததாக ஊர் அறிந்தால் என்னாவது என்று, இருட்டிய பிறகே அதைக் கொண்டுவந்து கொடுத்தார் என்பார்கள். பாவம், அவர் மீது என்ன குற்றம்? அந்த நாற்காலியின் காலம் இன்னும் வந்திருக்கவில்லை.

உடையிலும் அதே மனப்பாங்கு. அந்நாளில் பெண்கள் இடுப்பை இறுக்கிக் கட்டும் திமிங்கில எலும்புக் கச்சை அணிவது வழக்கம். மூச்சுவிடவும் முடியாத அந்தக் கச்சையோடு எட்டுப் பிள்ளைகளைச் சுமப்பதெப்படி, குனிந்து தோட்ட வேலை செய்வதெப்படி? காரின் அம்மையார் அதை ஒதுக்கினார். தளர்வான நீண்ட அங்கியும், கோடுபோட்ட பருத்தித் துணியில் பெரிய மேலாடையும் தாமே வெட்டித் தைத்து அணிந்தார். அவருடைய பிள்ளைகளின் உடைகளும் அவ்வாறே. ஓடலாம், மரம் ஏறலாம், ஆற்றில் நண்டைப் போன்ற இறால் பிடிக்கலாம். கோடையில் பெரிய பிர்ச் மரத்தடியில் நீண்ட மேசை போட்டுக் குடும்பம் முழுவதும் காலை உணவு உண்ணும் ஓவியம் ஒன்று உண்டு. அதைப் பார்த்தால் அந்த உடைகளின் அருமை விளங்கும்.

இத்தனை வெளிச்சமும் நிறைந்த வீட்டில் துன்பமே நுழையவில்லை என்று எண்ணிவிடக் கூடாது. 1905-இல் மூத்த மகன் உல்ஃப் குடல்வால் நோயால் இறந்தான். அப்போது அவனுக்குப் பதினெட்டு வயது. ஓவியங்களில் ஓடியாடித் திரிந்த சிறுவன் அவன். அந்தப் படங்களைத் தாய் எப்படிப் பார்த்திருப்பார்? நான்கு மூலப்பொருள்களின் துணிக்கும் அந்த ஆடும் நாற்காலிக்கும் இடையே இந்தச் சாவு இருக்கிறது என்பதை ஆண்டுகளை வரிசைப்படுத்தியபோதுதான் நான் கவனித்தேன். அவர் தறியை விட்டுவிடவில்லை.

கணவரின் கடைசிக் காலமும் கசப்பானதே. ஸ்டாக்ஹோம் தேசிய அருங்காட்சியகத்தின் மாடிப்படிச் சுவருக்கென அவர் வரைந்த மிகப் பெரிய ஓவியம் ஒன்று 1916-இல் நிராகரிக்கப்பட்டது. பண்டைய வடநாட்டு மன்னன் ஒருவன் பஞ்சம் தீரத் தன்னையே பலி கொடுக்கும் காட்சி அது. அந்த ஏமாற்றத்தை அவர் மறக்கவேயில்லை. 1919-ஆம் ஆண்டு சனவரி 22-ஆம் நாள் ஃபாலுனில் காலமானார். மன்னர்கள், பலிகள், பெரிய சுவர்கள் இவற்றுக்காகவே உலகம் தம்மை நினைவில் வைக்கும் என்று அவர் நம்பியிருந்தார். உலகமோ சன்னலோரப் பூந்தொட்டிக்காகவும், மூலையில் முகத்தைத் தூக்கிவைத்த சிறுவனுக்காகவும் அவரை நினைவில் வைத்தது. அந்த மூலையை அமைத்துக் கொடுத்தவர் யார் என்று சொல்லத் தேவையில்லை.

காரின் அம்மையார் மேலும் ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்தார். 1928-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் நாள் சுண்ட்பார்னில் மறைந்து, அவ்வூர்க் கோவில் கல்லறைத் தோட்டத்தில் கணவருக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்டார்.

பெற்றோர் இருவரும் மறைந்தபின் அந்த வீட்டைப் பங்கு போட்டு விற்றிருக்கலாம். பிள்ளைகள் அப்படிச் செய்யவில்லை. நாற்காலி நாற்காலியாக, துணி துணியாக, இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று முடிவு செய்தனர். 1940-களில் பொதுமக்கள் பார்வைக்கு வீடு திறக்கப்பட்டது. இன்றும் அதைப் பேரர்களும் கொள்ளுப்பேரர்களும் அடங்கிய குடும்பச் சங்கமே பேணி வருகிறது. கோடையில் வழிகாட்டி ஒருவர் சிறு சிறு குழுக்களாக உள்ளே அழைத்துச் செல்வார்.

1997-இல் லண்டனிலுள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் ஒரு கண்காட்சி நடத்தியது. சுவீடன் பாணியைப் படைத்தவர்கள் என்று அதற்குத் தலைப்பிட்டு, கார்ல், காரின் என இரு பெயர்களையும் சேர்த்தே போட்டார்கள். காரின் நெய்த துணிகளும் அவர் வரைந்த மரச்சாமான்களும் ஓவியங்களுக்குப் பக்கத்திலேயே இடம்பெற்றன. அதே ஆண்டில், முன்பு தள்ளிவிட்ட அந்தப் பெரிய ஓவியத்தை ஸ்டாக்ஹோம் அருங்காட்சியகம் விலை கொடுத்து வாங்கி, வரைந்தவர் விரும்பிய சுவரிலேயே மாட்டி வைத்துள்ளது. கணவருக்குரிய கடனும் மனைவிக்குரிய கடனும் ஒரே ஆண்டில் தீர்ந்தன.

தச்சர் இருட்டில் கொண்டுவந்து கொடுத்த அந்த நாற்காலியைப் பற்றி இப்போது வடிவமைப்பு நூல்களில் எழுதுகிறார்கள்.